மூன்று கயிறுகளுக்கு அடியில் ஒரு கீறல்

உன் மீது எனக்குள்ள புகார்களை முதலில் பதிவு செய்கிறேன். குடியிருப்புச் சங்கச் செயலாளனாக எழுதிப் பழகிய கை இது.

1. ஆவணி, திங்கட்கிழமை: என் மகளின் கண்ணெதிரே என்னை உன் அறையை விட்டு வெளியேற்றினாய்.
2. அதே வாரம், புதன்கிழமை: அவளுக்குக் குறித்திருந்த அறுவைச் சிகிச்சையை, என்னைக் கேளாமல், நாள் குறித்த மருத்துவரிடமே பேசித் தள்ளிவைத்தாய்.
3. மார்கழி, ஞாயிற்றுக்கிழமை: என்னிடம் பொய் சொன்னாய்.
4. தை, சென்ற வியாழக்கிழமை: இறந்துபோனாய்.

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பிய மகள், தலை பின்னிக்கொள்ளக் கையைத் தூக்கினாள். பழக்கத்தில் அவள் வலது அக்குளைத் தொட்டுப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவுக்கு இருந்த கட்டியின் சுவடே இல்லை. கூச்சத்தில் சிரித்தாள். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தொலைபேசியை எடுத்த பிறகுதான் உறைத்தது.

ஒன்பது வயதுக் குழந்தை. ஆவணியில் இரண்டு வாரக் காய்ச்சல், அக்குளில் அந்தக் கட்டி. தியாகராய நகரில் பார்த்த மூன்று மருத்துவர்களும் வாயால் சொல்லாத நோயின் பெயரை அவர்கள் முகங்களில் நான் படித்திருந்தேன். மாட வீதிக்குப் பின்னால் இருந்த உன் கிளினிக்குக்கு வந்தது காய்ச்சல் மருந்துக்கு மட்டுமே. பள்ளித் தோழனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

நான் நீட்டிய மருத்துவக் கோப்பை நீ திறக்கவில்லை. அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தாய். கபாலி கோயில் கயிறு, நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கயிறு, பக்கத்து வீட்டம்மாள் பெசன்ட் நகர் மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த கயிறு. காய்ச்சல் இறங்க என் மனைவி மூன்றையும் கட்டியிருந்தாள். சாமி கயிறென்று யாரும் தொடாத அவற்றை நீ இரண்டு விரலால் மேலே தள்ளினாய். அடியில் ஆறிவரும் ஒரு கீறல், அதன் நுனியில் சிவந்த பரு.

"பூனையோட விளையாடுவியா கண்ணு?"

அவள் வாய் திறக்குமுன் நான் பதில் சொன்னேன். "எங்க ஃபிளாட்ஸ்ல பூனையே கிடையாது. சோறு வைக்கக் கூடாதுன்னு நோட்டீஸே ஒட்டியிருக்கேன்."

"உன்னைக் கேக்கலடா. வெளிய போய் உக்காரு."

கைக்குழந்தைகளோடு காத்திருந்த தாய்மார்களுக்கிடையே கொதித்தபடி உட்கார்ந்திருந்தேன். நீ மீண்டும் கதவைத் திறந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பூனை கீறினால் சில குழந்தைகளுக்கு அந்தக் கைப்பக்கம் நெறி கட்டும், அநேகமாகத் தானே வற்றிவிடும், ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்துகொள்ளலாம் என்றாய். பிறகு தாழ்ந்த குரலில், "எந்தப் பூனைன்னு கேக்காத. கேட்டா, அடுத்த தடவை எது வந்தாலும் உங்கிட்ட சொல்ல மாட்டா" என்றாய்.

பரிசோதனை நீ சொன்னதையே சொன்னது. எத்தனை படங்கள், எத்தனை கருவிகள்! அவை காணாததைக் கயிற்றை நகர்த்திய இரண்டு விரல்கள் கண்டன. அந்த வியப்பு இன்றும் எனக்கு அடங்கவில்லை.

ஐப்பசியில் அவளே சொன்னாள். மீட்டர் அறையில் ஒரு குட்டி. மூன்று மருத்துவர்களிடமும் மறைத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: "நோட்டீஸ்ல உன் கையெழுத்துப்பா." அன்றே அந்த நோட்டீஸைக் கிழித்தேன்.

அதைச் சொன்னபோது நீ சிரித்தாய். "கேள்வி கேக்கறப்பவே பதிலையும் சேத்துக் குடுத்துடுவியேடா நீ." கேலி என்று விட்டுவிட்டேன்.

மார்கழியில் உன் சட்டைக் கழுத்து தொளதொளவென்றிருந்தது. நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "வாக்கிங் போய்த்தானே இளைச்சிருக்க? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லடா" என்றாய். உன் நோய் புரட்டாசியிலிருந்தே உனக்குத் தெரியும் என்று, நீ போன பிறகு உன் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். மூன்றாவது புகாரில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் அதைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

இப்போதெல்லாம் மகளிடம் "என்னம்மா ஆச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். நேரமாகிறது, ஆனால் சொல்கிறாள்.

ஆகவே உன்னிடமும் முறைப்படி கேட்கிறேன். உனக்கு என்னடா செய்தது? வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் பதில் வர வேண்டும். அதுவரை நான் குறுக்கே பேச மாட்டேன்.