அனிதாவின் பேரில் ஒரு பேட்ஜ்

12 நவம்பர் 2024, செவ்வாய்

இன்று மட்டும் முப்பத்தொரு நெஞ்சு எக்ஸ்ரே. ஜெயங்கொண்டத்துப் பெரியவர் ஒருவர், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் கண்ணையும் சேர்த்து மூடிக்கொள்கிறார். ஒரே படத்தில் எடுத்துவிட்டேன். அதைப் பார்த்த டாக்டர், அனிதா நன்றாக எடுத்திருக்கிறாள் என்றாராம். ரிப்போர்ட்டில் அவள் பெயர்தானே இருக்கிறது.

அனிதா ஜூனில் சேர்ந்தவள். இருபத்து நாலு வயது. இரண்டு வருஷ டிப்ளமோ, பதிவு எண், எல்லாம் பக்காவாக வைத்திருக்கிறாள். நான் திருச்சியில் ஒரு மாடியில் ஒரு வருஷம் படித்து வாங்கிய சான்றிதழுக்கு அங்கீகாரம் இல்லை. அந்த மாடியில் இப்போது துணிக்கடை. ஆகவே காகிதத்தில் இந்தப் பெரம்பலூர் சென்டரின் டெக்னீஷியன் அவள் ஒருத்திதான். காலையில் அவள் படம் எடுப்பாள், மதியத்துக்கு மேல் நான். ரெஜிஸ்டரில் நான் வரவேற்பாளர். பத்தொன்பது வருஷமாக யாரையும் வரவேற்றதில்லை.

18 நவம்பர், திங்கள்

செக்கிங் வரலாம் என்று முதலாளி குருமூர்த்தி சாருக்குப் பயம். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்க அனிதாவுக்கு ஒரு பேட்ஜ் உண்டு. நெஞ்சில் குத்திக்கொள்வது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் அளந்து எழுதுவார்கள். அவள் வீட்டுக்குக் கிளம்பும்போது அதை டிராயரில் வைத்துவிட்டுப் போவாள். எனக்குப் பேட்ஜ் கிடையாது. வரவேற்பாளருக்கு எதற்கு?

“பேட்ஜ் இல்லாம நிக்காதீங்க பூங்குழலி. அவளோடத எடுத்துக் குத்திக்கிங்க. அவகிட்ட சொல்ல வேணாம்” என்றார் சார்.

கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனில் குத்திக்கொண்டேன், வேலை முடிந்ததும் திரும்ப டிராயரில் வைத்துவிட்டேன். ஏப்ரனை மாட்டும் ஸ்டாண்டு வேறு உடைந்து கிடக்கிறது. மடித்து வைத்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும். எக்ஸ்ரே அறைச் சுவரில் ஒரு ஆணி இருக்கிறது, அதில் மாட்டிக்கொள்கிறேன்.

3 ஜனவரி 2025, வெள்ளி

பேட்ஜை அனுப்பியாயிற்று. அனிதா உண்டாகியிருக்கிறாள். லட்டு கொடுத்தாள்.

19 பிப்ரவரி, புதன்

அனிதா பேட்ஜில் அளவுக்கு மிஞ்சிக் கதிர் பதிவாகியிருக்கிறது, விளக்கம் வேண்டும் என்று பேட்ஜை அளக்கும் ஆபீஸிலிருந்து கடிதம். படித்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள், கரு உண்டான டிசம்பரும் அந்தக் கணக்கில் வருகிறது. அவளுக்கு இது மூன்றாம் மாதம்.

20 பிப்ரவரி

வேலைக்கு நடுவே அந்த ஆணியைப் பார்த்தேன். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் ஸ்டாண்டுக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. குழந்தைகளைப் பிடிக்கும்போது மட்டும்தான் ஏப்ரன் போடுவேன், மற்ற நேரம் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொள்வேன். ஏப்ரன் ஆணியில். பேட்ஜ் ஏப்ரனில். நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முழுக்க, நான் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் அது கதிர் வாங்கியிருக்கிறது. அனிதா மேல் ஒன்றும் படவில்லை. என் மேலும் இல்லை. சுவர்தான் வாங்கியது. பத்தொன்பது வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறேனே, இது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

22 பிப்ரவரி, சனி

பேட்ஜ் எக்ஸ்ரே அறைக்குள் தவறி விழுந்து கிடந்தது என்று சார் பதில் எழுதினார். அனிதா கையெழுத்துப் போடவில்லை. தினமும் டிராயரில்தான் வைத்தேன், ஒரு நாள் கூடத் தவறவிடவில்லை என்கிறாள். உண்மைதான். அவளுடைய அந்தச் சுத்தமே அவளுக்கு எமனாக வந்து நிற்கிறது. சென்டரைக் காப்பாற்றக் கதை கட்டுகிறார்கள் என்று அவள் வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீங்க வாயத் தொறந்தா, மெஷினத் தொட்டது யாருன்னு கேப்பாங்க. அப்புறம் உங்களுக்கும் இங்க வேலை இல்ல, எனக்கும் சென்டர் இல்ல.”

சரிங்க சார் என்றேன். சொல்லிவிட்டேனே.

26 பிப்ரவரி, புதன்

அனிதாவைப் பார்க்கும் திருச்சி டாக்டர், அந்த அளவு நிஜமா என்று முதலில் விசாரித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். மாமியார் காத்திருக்கத் தயாராக இல்லை. ஊனமாகப் பிறந்தால் யார் பார்ப்பது என்று பேச்சு. திங்கட்கிழமை கலைக்கப் போகிறார்கள். மதியம் ஆள் மாறும் நேரத்தில் அனிதா இதைச் சொல்லிக்கொண்டே ஒரு கிழவியின் முழங்காலை நேராக்கி வைத்தாள். நான் பக்கத்தில் நின்று டோக்கன் எழுதினேன்.

ராத்திரி எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டேன். வேலை போனா எங்கடி போவே? நாப்பது வயசுல எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான்? — சரி, அதுக்காக? அந்தப் புள்ள வயித்துல இருக்கறது என்ன பண்ணுச்சு?

என் வீட்டுக்காரர் பழனிவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். போய்ச் சொல்லிவிட்டு வா என்றார்.

28 பிப்ரவரி, வெள்ளி

சிறுவாச்சூருக்குப் போனேன். கோயில் நாள், பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. அனிதா வீட்டுக் கூடத்தில் மாமியார், புருஷன் கலைச்செல்வன் எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். டிராயர், ஏப்ரன், ஆணி, ஒன்றையும் விடவில்லை. எனக்குச் சான்றிதழ் இல்லை என்பதையும் சொன்னேன்.

நன்றி சொல்வாள் என்று நினைத்துப் போனேனோ என்னவோ.

“ஒம்பது நாளு, அக்கா. பக்கத்துலயே நின்னீங்க” என்றாள்.

பிறகு ஒரு நோட்டைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். ஒரு நகல் டாக்டருக்கு, ஒன்று பேட்ஜ் ஆபீஸுக்கு. போட்டேன். கடைசி வரை தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

4 மார்ச், செவ்வாய்

கலைக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கலைச்செல்வன் போன் செய்தார். அனிதா பேசவில்லை.

5 மார்ச்

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார்.

21 ஏப்ரல், திங்கள்

பத்தொன்பது வருஷம் வேலை பார்த்ததற்கு ஒரு கடிதம் கேட்டுப் போனேன். “எக்ஸ்ரே எடுத்தீங்கன்னு நானே எழுதிக் குடுத்தா நான் மாட்டிக்குவேன். வரவேற்பாளர்னு வேணா தரேன்” என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

9 ஜூன், திங்கள்

அரியலூர். இரண்டு வருஷ டிப்ளமோவுக்கு விண்ணப்பம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். மகளைச் சேர்க்க வந்திருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டாள். எனக்குத்தான் என்றேன். தள்ளி நின்று இடம் கொடுத்தாள்.

விண்ணப்பத்தில், இத்துறையில் முன் அனுபவம் என்று ஒரு கட்டம். ஆதாரம் இருந்தால் மட்டும் நிரப்புங்கள், இல்லாவிட்டால் பிறகு கேள்வி வரும் என்றார் கிளார்க்.

இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.