கலாராணி சித்தியின் பெயருக்கு மேலே இருந்த பொய்

அம்பிட்டிய,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் ஷாமலாவுக்கு, மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாய் இருக்கிறோம், மிலான் குளிரில் நீயும் மருமகனும் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, ஆனால் கிளினிக்குக்குப் போகச் சொன்னால் கோபம் வருகிறது. எனக்கும் இப்போது கோபம்தான் மகள், அது வேறு கோபம், போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

புசல்லாவைப் பக்கம் நம் பழைய தோட்டத்தில் பதினொரு வருடத்துக்கு முன் மண்சரிவில் செத்த பதினேழு பேருக்கும் இப்போது நினைவுத்தூபி கட்டி, பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு காட்சிசாலையும் திறந்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போனோம். கறுப்புக் கல்லில் கலாராணி சித்தியின் பெயரைத் தடவிப் பார்த்தேன், எழுத்துப்பிழை இல்லை. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணிலிருந்து எடுத்த சாமான்கள், நசுங்கிய சட்டி, ஒரு ஒற்றைச் செருப்பு, சித்தி வேலை செய்த பிள்ளைக்காம்பராவின் வரவுப் புத்தகம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் அந்தப் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டவள் அவள்தானே. மண் இறங்கிய அன்றும் நாலு பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டு ஐந்தாவதை எடுக்கத் திரும்பிப் போனாள்.

அந்தப் பெட்டிக்கு மேலே சுவரில் செத்தவர்களின் பெயர்கள், அதற்கும் மேலே ஒரு பெரிய பலகை. பலமுறை எச்சரித்தும் மக்கள் இடத்தை விட்டு வெளியேறவில்லை என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறார்கள். யார் யாரை எச்சரித்தது? பிள்ளைக்காம்பராச் சுவரில் வெடிப்பு விழுந்ததும் சித்தி மூன்று தரம் தோட்ட ஆபீசுக்கு நடந்தாள், அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள், மழை விடட்டும் பார்ப்போம் என்றார்கள். செத்தவர்கள் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே பூவும் வைத்திருக்கிறார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

பொறுப்பாக இருந்தவரிடம் போய்க் கேட்டேன். "மேலிடத்துல எழுதிக் குடுத்ததும்மா, நாங்க ஒண்ணும் செய்ய ஏலாது, வந்தவங்க எழுதுற புத்தகத்துல எழுதிட்டுப் போங்க" என்றார். "நான் சுத்திப் பாக்க வந்தவ இல்லங்க, என் தங்கச்சிய இங்க பறிகுடுத்தவ" என்றேன். பிரஷர் ஏறிவிடும், வா மேபல் போவோம் என்று அப்பா கையைப் பிடித்தார். நான் போகவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் பலகைக்குக் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்கள் எல்லாரிடமும் இது பொய் என்று தமிழிலும் எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் பக்கத்தில் வந்து நின்று, நான் தடுமாறிய இடத்தில் எல்லாம் சிங்களத்தில் அவரே சொல்லத் தொடங்கிவிட்டார்.

மத்தியானம் லோஜினி தன் தாயோடு வந்தாள், சித்தி வெளியே தள்ளிவிட்ட பிள்ளைகளில் ஒருத்தி, பதினாறு வயதாகிவிட்டது. அவள் அந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொன்னாள், "செவுத்து வெடிப்புல குச்சி விட்டு நாங்க வெளையாடுவோங்க, ராணி டீச்சர் ஏசுவாங்க, நாங்க எல்லாரும் பாத்தோம்." அவர் பின்னேரம் ஒரு துணியைக் கொண்டுவந்து பலகையை மூடினார். அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி கமிட்டி கூடுமாம், ஆதாரம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். ஆதாரம்! பதினேழு பிரேதம் போதவில்லையாம்.

சித்தி கடைசியாக உன் போனுக்கு அனுப்பிய படம் உன்னிடம் இருக்கிறதாக ஒருமுறை சொன்னாய், வெடிப்புக்குள் அவள் விரல் நாலும் போகிற படம். அன்றைக்கு எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, காட்டாதே என்றேன். இப்போது அனுப்பு மகள், ஒன்றையும் வெட்டாமல், திகதி தெரிகிற மாதிரி.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து தனியாக நடக்காதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. படத்தை மறந்துவிடாதே. அழுகை வந்தால் அழுதுவிட்டு அனுப்பு.

உன் அம்மா,
மேபல்