அணைக்கவும்

ஏங்க,

எழுப்ப மனசு வரவில்லை. ஆறு மணி டியூட்டிக்கு ஆஸ்பத்திரி கிளம்பிவிட்டேன்.

நேற்று கொடியில் கிடந்த என் நர்ஸ் யூனிஃபார்ம் மழையில் நனைந்ததும் டிரையரில் போடலாம் என்றேன். "அது கரண்டை மடக்மடக்குனு குடிக்கும், பூமி தாங்காது, வீட்டுக்குள்ள விரிச்சுப் போட்டா தானா காயும்" என்றீர்கள். "அப்போ உங்க பூமியையே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று நான் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

காலையில் எழுந்து பார்த்தால், ஹாலில் ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் யூனிஃபார்ம் மொறமொறவென்று காய்ந்திருக்கிறது. பக்கத்தில் தரையில் நீங்கள், குளிரில் சுருண்டு. துணிக்காக மட்டும் ஃபேன் ஓடினால் வீண் என்று நீங்களும் காற்று வாங்கினீர்களாக்கும்! உங்களைத் திருத்தவே முடியாது. திருந்தவும் வேண்டாம். நன்றி என்றால் சிரிப்பீர்கள், இருந்தாலும் நன்றி.

போர்வை போர்த்தியிருக்கிறேன். ஃபேனை நிறுத்திவிட்டேன்.

சமைத்தது அடுப்பின் மேல் இருக்கிறது. ஆறிய பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடாக வைத்தால் அதற்கு மூச்சு வாங்கும் என்று சொன்னவர் நீங்கள்தானே.

ஒழுகுகிற குழாயைச் சரிசெய்ய பிளம்பர் பத்து மணிக்கு வருவார். அவரிடமும் தண்ணீர்ப் பிரசங்கம் வேண்டாம், பாவம்.

பி.கு.: சுவிட்சுக்குச் சுவிட்சு நீங்கள் ஒட்டியிருக்கும் "அணைக்கவும்" சீட்டில் ஒன்றைப் பிய்த்து வாசல் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அங்கே ஏது சுவிட்ச் என்று தேடாதீர்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு அந்தக் கதவைத் திறந்துகொண்டு நான் வருவேன்.