கரைத்துக் குடித்த குளிசை

ஐப்பசி 20, திங்கள்

விடியவே மழை. கோப்பாய்ச் சந்தியில் பஸ் பிந்தியது. பாவாடைக் கரையெல்லாம் சேறு.

நான் வேலைக்கு நிற்கிற ஆய்வுகூடத்தில் கரைசல் போத்தல்கள் குவிந்து கிடந்தன. கழுவி, கடைசியாக வடித்த தண்ணீரில் அலசி, கவிழ்த்து வைத்தேன். மாதச் சுகமில்லை, இரண்டாம் நாள். வயிற்றுக்குத்து. காலையில் அம்மா வழமையான குளிசையைத் தண்ணீரில் கரைத்துத் தந்தா.

கந்தசட்டி தொடங்கிவிட்டது. முக்கால்வாசிப் பேர் விரதம். செந்தூரன் அண்ணைக்கு (இங்கே ஆராய்ச்சி செய்பவர்) சாப்பிட்டவர்களின் இரத்தம்தான் வேண்டுமாம். என்னைப் பார்த்தார்.

"நீர் விரதமில்லையோ?"

இல்லையென்று தலையாட்டினேன். ஏன் என்று கேட்டுவிடுவாரோ என்று உடம்பு கூசியது. கேட்கவில்லை.

"அப்ப நல்லதாப் போச்சு. பதினெட்டு முடிஞ்சுதோ?"

"ஓம்."

"கிட்டடியிலை ஏதும் குளிசை போட்டனீரோ?"

பின்னால் கம்பஸ் பெடியள் இரண்டு பேர். எதற்குப் போட்டது என்று கேட்டால்?

"இல்லை" என்றேன்.

இரத்தம் எடுக்கிற மெற்றில்டா அக்கா சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, விரதமில்லை. ஆனாலும் பிரஷர் குளிசை போடுவதால் அவவின் இரத்தத்தை எடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

வயதுபோன ஒருவரும் தேவை என்று அக்கா தன் பெரியப்பாவை மயிலிட்டியிலிருந்து கூப்பிட்டிருந்தா. கடலுக்குப் போகிறவர், ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ரை ரத்தத்திலை என்ன மீன் பிடிக்கப் போறீர் தம்பி?"

செ. அண்ணை விளக்கினார். காயத்தில் ஒட்டி இரத்தத்தை அடைக்கிற சிறுதட்டுகளுக்குக் கரு இல்லை. புதிதாக ஆர்.என்.ஏ. செய்ய வழியில்லை, பிறக்கும்போது கொண்டுவந்ததுதான். நூல்போல் நீளமானதை நொதியங்கள் நுனியில் பிடித்துத் தின்றுவிடும். சிலது வளையம். நுனி இல்லை, அதனால் கனநாள் தாங்கும். வெளியில் எடுத்து வைத்தால் எது எவ்வளவு நாள் நிற்கிறது என்று பார்க்கிறாராம்.

"அப்ப வளையமாப் பிறந்தால் சாவில்லை எண்டுறீர்."

"சாவு இருக்கு ஐயா. பிந்தி வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

செவ்வாய்

மழை விட்டுவிட்டது. புழுக்கம்.

ஆர்.என்.ஏ. பிரிக்க முன்னம் சிறுதட்டுகள் நல்லாய் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு துளி மருந்து விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வேண்டும். முதலில் என்னுடையது. ஒட்டவில்லை. திரும்பவும் விட்டார். இல்லை.

"போத்தலிலை சவர்க்காரம் நிண்டிட்டுதோ? நேற்றுக் கழுவினது நீர்தானே?"

"ஓம் அண்ணை. கடைசித் தண்ணியிலை அலசேல்லை."

பொய். அலசினேன். போத்தல் பளிங்குபோல் இருந்தது. ஆனால் குளிசைக் கதையைச் சொல்வதிலும் இந்தப் பொய் சுகமாக இருந்தது. வேலை தெரியாதவள் என்று நினைத்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் போத்தல் கரைசலில் வைத்த எல்லாருடைய இரத்தத்தையும் அண்ணை வாளிக்குள் ஊற்றினார். மற்றவர்களுடையதைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. மயிலிட்டி ஐயாவினதும் போயிற்று. ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அக்காதான்: "எடியே, மனுசன் பஸ் மாறி, பயந்து பயந்து வந்து தந்த ரத்தமடி."

வீட்டுக்கு வந்து குளிசைப் பெட்டியைப் பார்த்தேன். அஸ்பிரின்.

புதன்

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று அம்மாவிடம் சொன்னேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தா.

"காய்ச்சலில்லை. உப்பிடித்தான் பள்ளிக்கூடமும். ஒரு நாள் எண்டு நிண்டனீ, பிறகு போகவேயில்லை."

அன்றைக்கு வெள்ளைச் சட்டையில் கறை. பின்வாங்கில் சிரித்தவர்கள். அம்மாவுக்கு அது இன்னும் தெரியாது.

முருங்கைக்காய்க் கறி. சாப்பிட மனமில்லை. துணி தோய்த்தேன். மழை வந்து திரும்பவும் நனைந்தது.

வியாழன்

போனேன். ஆய்வுகூடத் தண்ணீர்க் குழாயடியில் அக்காவிடம் மெல்லச் சொன்னேன். ரகசியமாக வைத்திருப்பா என்று நினைத்தது என் மடத்தனம். நின்ற இடத்திலேயே திரும்பி:

"செந்தூரன், உவளுக்குப் பீரியட்ஸாம், வயித்துக்குத்துக்கு அஸ்பிரின் போட்டவளாம். போத்தலிலை பிழையில்லை."

கம்பஸ் பெடியள் ஏதோ சோதனைக்குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அண்ணை,

"அஸ்பிரினோ. அப்ப ஒட்டாதுதானே" என்றார். சாதாரணமாக, சோறு வெந்துவிட்டது என்பதுபோல்.

இவ்வளவுதானா என்றிருந்தது. பிறகு வாளி இருந்த மூலையைப் பார்த்தார்.

"மற்றதெல்லாம் நல்லாயிருந்திருக்கும். எல்லாத்தையும் ஊத்திப்போட்டனே."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. பீரியட்ஸ் என்று அக்கா உரக்கச் சொன்னபோதுகூட இப்படி நிற்க முடியாமல் இருக்கவில்லை. இந்த வெட்கம் வேறு.

இரவு நித்திரை இல்லை.

திங்கள்

சூரன்போர் முடிந்து ஆட்கள் வழமைக்குத் திரும்பிவிட்டார்கள். வெயில். அண்ணை எல்லாரிடமும் திரும்ப இரத்தம் எடுக்கிறார். என்னிடம் எடுக்கக் கொஞ்ச நாள் போகவேண்டுமாம், குளிசையின் வேகம் விடும்வரை.

மயிலிட்டி ஐயா வந்தார். இந்த முறை மற்றக் கையை நீட்டினார். அக்கா என்னைப் பஞ்சு பிடிக்கச் சொன்னா. ஊசி போனதும் கண்ணை மூடிக்கொண்டு கதைத்தார்.

"போன முறை தந்தது பழுதாப் போச்சாம். என்ரை ரத்தத்திலை உப்புக் கூடிப்போச்சோ?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அண்ணையும் குழாய்க்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லப்போவதில்லை என்று விளங்கியது.

"உங்கடை ரத்தத்திலை பிழையில்லை ஐயா. நான்தான் பழுதாக்கினது."

கண்ணைத் திறந்தார்.

"என்ன பிள்ளை? சத்தமாக் கதை. எஞ்சின் சத்தத்திலை இந்தக் காது போட்டுது."

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, அறை முழுக்கக் கேட்கத் திரும்பவும் சொன்னேன். குளிசையிலிருந்து தொடங்கி.