ஒற்றை மூங்கிலின் அடியில்

அப்பா,

ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே இலையில்லாத பழத்தோட்டம். அதில் ஒருவர் ஏணியில் ஏறிக் கிளைகளைக் கழித்துக்கொண்டிருக்கிறார். கீழே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. பத்து நிமிடமாக அவர் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

ஜெர்மனியில் என் செமஸ்டர் நேற்றோடு முடிந்தது. இது விமான நிலையத்துக்குப் போகும் ரயில். முன்னால் தண்டவாளத்தில் ஏதோ கோளாறாம், எப்போது கிளம்பும் என்று அவர்களுக்கே தெரியாதாம். விமானத்தைப் பிடித்துவிட்டால் நாளை மாலை நம் மலையில், செம்மேட்டில் இறங்கிவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் நிற்க மாட்டீர்கள். நீங்கள் போய் ஒன்றரை மாதமாகிறது. பரீட்சை கெட்டுவிடும் என்று, எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் எனக்குச் சொன்னார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நம் மிளகு ஏணியைப் பற்றி இங்கே யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை. ஒரே ஒரு மூங்கில். கணுவுக்குக் கணு நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைதான் படி. அதை மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவீர்கள். மூங்கில் புரளாமல் அடியில் நின்று பிடிப்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் வேலை. "புடிச்சிருக்கியா கண்ணு?" என்று கேட்பீர்கள். "புடிச்சிருக்கேனுங்க" என்று நான் சொன்ன பிறகுதான் கால் வைப்பீர்கள். மேலே போயும் விட்டு விட்டுக் கேட்பீர்கள். என் பதில் தாமதமானால் மிளகு பறிக்கும் கை அப்படியே நின்றுவிடும்.

ஒருமுறை செல்போன் அடித்தது என்று ஒரு கையை எடுத்தேன். மூங்கில் அரைச் சாண் புரண்டது. நீங்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நிதானித்து, மெதுவாக இறங்கி வந்தீர்கள். திட்டப் போகிறீர்கள் என்று நின்றேன். தண்ணீர் குடித்துவிட்டு இவ்வளவுதான் சொன்னீர்கள்: "கை வலிச்சா சொல்லிப்போடு சாமி, நான் எறங்கிக்கறேன். சொல்லாம மட்டும் உட்டறாத."

நான் கிளம்பிய அன்று, மிளகெடுப்புக்கு வந்துவிடுவாயா என்று கேட்டீர்கள். முடியாது, ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். தலையாட்டினீர்கள்.

நீங்கள் விழுந்த அன்று மூங்கிலைப் பிடித்திருந்த அந்த ஆள் யார் என்றுதான் ஒன்றரை மாதமாக அம்மாவைக் குடைந்துகொண்டிருந்தேன். யாரோ ஒரு ஆள், விடு என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், உங்களுக்குத் தெரியாததா. போன வாரம் போனில் கத்திவிட்டேன். பிடித்தவன் கையை விட்டிருக்கிறான், ஊருக்கு வந்ததும் அவனை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்கிறேன் என்றேன். உண்மையில் என் மேல்தான் அத்தனை கோபமும். அன்றிலிருந்து அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு போனை வைத்துவிடுகிறாள்.

இப்போதும் அவளைத்தான் கூப்பிட்டேன். டவர் கிடைக்கும் நம் மிளகுக் காட்டு மேட்டில் நின்று பேசினாள், காற்று இரைந்தது. ரயில் நின்றதைச் சொன்னேன். இந்த ஏணிக்காரரைச் சொன்னேன். அடியில் ஆளே இல்லை அம்மா, பார்க்கவே பயமாக இருக்கிறது என்றேன்.

"அன்னைக்கு நாந்தான் கண்ணு புடிச்சிருந்தேன்," என்றாள்.

வருவதாகச் சொன்ன ஆள் அன்றைக்கு அடிவாரத்தில் கட்டட வேலைக்குப் போய்விட்டாராம். இரண்டு மரம்தானே என்று நீங்கள் அம்மாவைக் கூப்பிட்டீர்களாம். பனியில் கணுவெல்லாம் ஈரம். நீங்கள் கேட்டீர்களாம், அவள் பிடித்திருக்கிறேன் என்றாளாம். மூங்கில் அசையவே இல்லையாம். உங்கள் கால்தான் வழுக்கியிருக்கிறது.

"அவரு கீழ கெடக்கறாரு, நான் மூங்கில உடாம நின்னுட்டிருக்கேன். பக்கத்துக் காட்டுக்காரங்க வந்துதான் என் கைய எடுத்து உட்டாங்க."

அப்பா, அந்த ஆளை நான் அவளிடமே இத்தனை நாளாகத் திட்டியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது உங்கள் பேச்சு.

"கை வலிக்குதாம்மா?"

வெளியே அந்த மனிதர் ஒவ்வொரு படியாக இறங்கித் தரையில் கால் வைத்தார். பிறகு அம்மா, "வலிக்குது கண்ணு" என்றாள். நீங்கள் போனபின் அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர ஆரம்பித்தது.

"சொல்லிட்ட இல்ல," என்றேன். "இனி உட்டுரும்மா. நான் வாரேன்."