வயரும் பற்றரியும்

1998 பெப்ரவரி 10, செவ்வாய். திகன

நோன்பு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கண்டியில் தலதா மாளிகையில் புலிகளின் குண்டு வெடித்த பிறகு நான் பஸ்ஸில் வாய் திறப்பதில்லை. என் யாழ்ப்பாணப் பேச்சே போதும், காட்டிக்கொடுக்க.

எட்டாம் வகுப்புக்கு இன்று மின்சுற்று. நான்கு பேருக்கு ஒரு பற்றரி, ஒரு ரோச் பல்ப், வயர்த் துண்டுகள். "எரிய வையுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். வகுப்பில் பேசவே பேசாத ருக்கியாவின் குழுவுக்குத்தான் முதலில் எரிந்தது. ஒரே கூச்சல்.

யன்னலில் மஹ்மூத் சேர். கணித ஆசிரியர், இந்த ஊர்க்காரர். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

பெப்ரவரி 12

ஆசிரியர் அறையில் மஹ்மூத் சேர் கேட்கிறார்: "டீச்சர், இந்த வயரெல்லாம் எங்க வாங்கின?"

"கடையில."

"எந்தக் கடை?"

இவருக்கு ஏன் அது?

பெப்ரவரி 13

இன்றும் யன்னலில். பிறகு, "எவ்வளவு தூரத்துக்கு வயர் இழுத்தாலும் பல்ப் எரியுமா?" என்றார். தெரியாது என்று பொய் சொன்னேன். குண்டு வெடிக்கிற இந்த நாளில் என்னிடம் கேட்கிற கேள்வியா இது?

பெப்ரவரி 16

சந்திப் பொலிஸ் காவலரணில் மஹ்மூத் சேர். சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். நிறுத்தினாரா, அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா? இனி அவருடன் ஒரு கதையும் வைக்கக்கூடாது.

பெப்ரவரி 18

ருக்கியா உம்மாவுக்குக் காட்டவென்று பற்றரியையும் வயரையும் நேற்று வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். இன்று காலை வரும்போது காவலரணில் பையைச் சோதித்திருக்கிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டார்கள். சாமான்களுடன் சார்ஜன்ட் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

அதிபர் ஹாஷிம் வகுப்பு வாசலில் நின்று, "டீச்சர், ஒபிசுக்கு வாங்க" என்றார். முகத்தில் இரத்தமில்லை. முடிஞ்சுது எண்டு நினைச்சன். அங்க போனா, சார்ஜன்டுக்குப் பக்கத்துக் கதிரையில மஹ்மூத்! எனக்குத் தெரியும், எனக்கு அப்பவே தெரியும்—

அடையாள அட்டையைக் கேட்டார்கள். யாழ்ப்பாணம். சார்ஜன்ட் என்னை நிமிர்ந்து பார்த்தார். மஹ்மூத் சேர் இடையில் புகுந்து சிங்களத்தில் பேசிக்கொண்டே போனார். பல்பை எடுத்து மேசையிலேயே எரியவைத்துக் காட்டினார். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. வயர்களை அள்ளிக்கொண்டு போனார்.

அதிபர் பிறகுதான் சொன்னார்: "அது மஹ்மூத் சேர்ட பாடமாம், வயரும் அவர் குடுத்ததாம். அப்பிடித்தான் செல்லினார்."

பெப்ரவரி 19

"ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"என்னெய இங்க எல்லாருக்கும் தெரியும். உங்கள ஆருக்குத் தெரியும்?"

"அப்ப யன்னலில நிண்டது?"

நிலத்தைப் பார்த்தார். "எனக்கு இந்த வருஷம் ஏழாம் வகுப்பு விஞ்ஞானமும் தந்தீக்கி டீச்சர். நான் போட்ல எழுதுவன், புள்ளைகள் பாத்து எழுதுவாங்க. உங்கட வகுப்புல அதுகளே கண்டுபிடிக்குது. கடேசி வாங்குப் புள்ளைகள் வரைக்கும் வயர் இழுத்துக் காட்டலாமா எண்டு யோசிச்ச. கேக்க வெக்கமா ஈந்த."

அவரைப்பற்றி நான் நினைத்திருந்தது இந்தக் கொப்பியோடு இருக்கட்டும்.

பெப்ரவரி 25, புதன்

வயர் இன்னும் பொலிஸில். பள்ளிக்கூடக் கேற்றடியில் ஒரு பொலிஸ்காரரை நிறுத்தியிருக்கிறார்கள்.

மஹ்மூத் சேர் ஏழாம் வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டார். குழுவுக்கு ஒரு காந்தம், ஒரு பிடி ஆணியும் குப்பையும். எது ஒட்டும், எது ஒட்டாது என்று முதலில் சொல்லவேண்டும், பிறகுதான் தொடலாம். ஒரு குழு பிழையாகச் சொன்னது. திருத்தச் சேரின் வாய் திறந்துவிட்டது.

"பொறுங்கோ சேர், அதுகளே பாக்கட்டும்" என்றேன்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் காத்திருந்தோம்.