பட்டியலில் விடுபட்ட கணினி

அன்பு மனைவிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். செய்திகள் மூன்று:

1. என் உடம்புக்கு ஒன்றுமில்லை.
2. சர்வர் மாற்றும் வேலை முடிந்தது.
3. இன்னும் ஒரு வருடம் உன்னைப் பிரிந்து இந்த ஊரில் வேலையில் இருப்பதில் எனக்குச் சிரமமில்லை.

அலுவலகத்தில் எல்லோருடைய கடவுச்சொல்லையும் சரிபார்த்து உள்ளே விடும் பழைய சர்வரின் பொறுப்பைப் புதியதற்கு மாற்றினேன். கணினிகளைப் பட்டியலிட்டு, மூன்று முறை சரிபார்த்து, நேற்றுக் காலை பழையதை நிறுத்தினேன். நூற்றுப்பத்துப் பேரும் தடையின்றி வேலையைத் தொடங்கினார்கள். என் கணினி மட்டும் என்னை ஏற்கவில்லை. என்றோ நான் கையால் பதித்த பழைய சர்வரின் முகவரியையே அது தேடிக்கொண்டிருந்தது. பட்டியலில் என்னைச் சேர்க்க மறந்திருக்கிறேன்.

மேலாளர் சிரித்தார். "எல்லாரையும் உள்ள விட்டுட்டு நீங்க வாசல்ல நிக்கிறீங்களே, பெரியவரே. சரி, இன்னும் ஒரு வருஷம் இருப்பீங்கல்ல? வெள்ளிக்கிழமை சொல்லிடுங்க."

நானும் சிரித்து வைத்தேன். திருத்த இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. ஆனால் மாலைவரை அந்தப் பட்டியலையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் போட வேண்டிய மாத்திரைகளின் பட்டியலை உன் கையால் எழுதி அனுப்பு. நான் அச்சடித்து ஒட்டியதைக் கண் கவனிப்பதேயில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். மேலே மூன்றாவதாக எழுதிய செய்தி தவறு. அதைக் கோடிட்டு அடிக்க எனக்குத் துணிவில்லை, நீயே அடித்துவிடு.